ஊரில் எழுத என்ன இருக்கிறது? – நாகர்கோவில் எழுத்தாளர்களுக்குக் கரு கிடைத்த வரலாறு

"எழுதணும்னு ஆசையா இருக்கு, ஆனா எதைப் பத்தி எழுதறதுன்னுதான் தெரியல." இந்த வாக்கியத்தைச் சொல்லாத மாணவர் யாரும் இருக்க முடியாது. கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் இதுதான் பதில். கவிதைப் போட்டி அறிவித்தாலும் இதுதான் பதில். கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: "நம்ம ஊர்ல எழுதற மாதிரி என்ன இருக்கு?"

சென்னையிலும் மும்பையிலும்தான் கதைகள் நடக்கின்றன, நாகர்கோவிலில் பஸ்ஸும் மழையும் மட்டும்தான் வருகின்றன என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கும் இந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்து கவிமணி, கலைவாணர், சுந்தர ராமசாமி, கிருஷ்ணன் நம்பி, ஹெப்சிபா ஜேசுதாசன், நாஞ்சில் நாடன், தோப்பில் முகமது மீரான், ஜெயமோகன் என்று ஒரு பெரிய வரிசையே வந்திருக்கிறது. இவர்களுக்கு எழுதப் பொருள் எங்கிருந்து கிடைத்தது? வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை, நாம் தினமும் கடந்து போகும் இடங்களிலிருந்தே கிடைத்ததா?

சரி, ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

வில்லடித்துச் சொன்ன கதைகள்

முதலில் அச்சுப் புத்தகம் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டிலும் அதை ஒட்டிய திருநெல்வேலிப் பகுதியிலும் செழித்த கலை வில்லுப்பாட்டு. அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் பெரிய வில்லை நிறுத்தி, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணை அடித்து, குடமும் உடுக்கும் சேர்த்து விடிய விடியக் கதை சொல்வார்கள்.

அந்தக் கதைகளில் புராணக் கதைகளும் உண்டு. ஆனால் இந்த மண்ணுக்கே உரிய கதைகள் வேறு வகை. அநியாயமாகக் கொல்லப்பட்டவன், அவமானம் தாங்காமல் உயிரை விட்ட பெண், சாதி மாறிக் காதலித்ததால் வெட்டப்பட்டவன், போரில் செத்த படைத்தலைவன்... இவர்களே பிறகு தெய்வமாகி, பாட்டிலும் ஏறினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் மோதி இறந்த வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை இப்படிப் பாட்டானது. கணியாகுளம் எங்கோ இல்லை, இன்றைய நாகர்கோவிலின் அருகில்தான்!

இந்தப் பாட்டைக் கட்டிய புலவர்களுக்கு "எதைப் பாடுவது?" என்ற சந்தேகம் வந்திருக்க வாய்ப்பில்லை. ஊரில் ஒரு அநியாயச் சாவு நடந்திருக்கிறது, அது ஊரின் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தல்தான் கரு. ஆனால் உறுத்தல் மட்டும் பாட்டாகிவிடாது. அதைச் சொல்ல வில்லுப்பாட்டு என்ற ஒரு வடிவம் தயாராக இருந்தது. காப்பு, வருபொருள் உரைத்தல், கதை, வாழி என்று அதற்கு ஒரு முறை இருந்தது. ஊரின் உறுத்தல் ஒரு பக்கம், கையில் கிடைத்த வடிவம் ஒரு பக்கம். இந்த இரண்டும் சந்தித்தபோதே பாட்டு பிறந்தது.

இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லோரிடமும் இதே சங்கதி இருக்கிறது.

கவிமணியின் கோபம்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள தேரூரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். பாடப்புத்தகத்தில் அவருடைய குழந்தைப் பாடல்களை எல்லோரும் படித்திருப்போம். அமைதியான, சாந்தமான மனிதர் என்றே நமக்கு அவரைப் பற்றி ஒரு சித்திரம். ஆனால் அவர் எழுதிய ஒரு படைப்பு முழுக்க முழுக்கக் கோபத்தில் பிறந்தது. அதுதான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'.

இன்றைய மாணவர்களுக்கு மருமக்கள்வழி என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் பெரும் பகுதியினர் மருமக்கள்வழியைப் பின்பற்றினார்கள். அதாவது ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். குடும்பச் சொத்தை நிர்வகிப்பவர் காரணவர். அவர் இருக்கும் வரை மனைவியும் மக்களும் அந்த வீட்டில் இருக்கலாம். அவர் கண்ணை மூடிய பிறகு சாவிக்கொத்து மருமகன் கைக்குப் போய்விடும். அப்பாவோடு சேர்ந்து வயலில் பாடுபட்ட பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரில் கொஞ்சம் கிடைத்தால் உண்டு. அதற்கும் வழக்கு, வாய்தா, வக்கீல் பீஸ்! கோர்ட்டைக் 'கோடு' என்று சொல்வது திருவிதாங்கூர் வழக்கம். கோடேறி அழிந்த குடும்பங்கள் ஏராளம்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தேரூரிலும் புத்தேரியிலும் வடசேரியிலும் தினமும் நடந்த விஷயம். ஆனால் "இதையெல்லாம் பாட்டில் எழுதுவார்களா?" என்றே அன்றைய புலவர்கள் நினைத்திருப்பார்கள். பாட்டு என்றால் முருகன் மேல் பாட வேண்டும், இல்லாவிட்டால் ஜமீன்தார் மேல் பாட வேண்டும். வீட்டுச் சண்டையைப் பாடுவதா?

கவிமணி பாடினார். எப்படி? இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 'மான்மியம்' என்றால் பெருமை. ஒரு திருத்தலத்தின் பெருமையையோ ஒரு தெய்வத்தின் பெருமையையோ சொல்லும் பழைய நூல் வகை அது. படலம் படலமாகப் பிரித்துப் பாடுவார்கள். அந்தப் புனிதமான சட்டையை எடுத்து, மருமக்கள்வழி என்ற கொடுமைக்கு மாட்டிவிட்டார். குலமுறை கிளத்து படலம், மாமியரசியற் படலம், ஐவரணிப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம் என்று தலைப்புகளே சிரிக்க வைக்கும். சிரித்து முடிப்பதற்குள் வயிற்றில் கல்லைக் கட்டியது போல் கனக்கும். ஏனென்றால் கதையைச் சொல்வது காரணவர் அல்ல, மருமகன் அல்ல, அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும் ஒரு பெண். காரணவருக்கு வாழ்க்கைப்பட்ட ஐந்தாவது மனைவி!

இது 1910-களின் இறுதியில் 'தமிழன்' என்ற இதழில் தொடராக வந்தது. 1942-ல் நூலாக வெளிவந்தது. இடையில், மலையாள ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கான சட்டத்தைக் கொண்டுவந்து பழைய வாரிசு முறையை மாற்றியது. ஒரு பாட்டுதான் சட்டத்தை மாற்றியது என்று சொல்லிவிட முடியாது. அந்த வழக்கத்துக்கு எதிராக அந்தச் சமூகத்துக்குள்ளேயே பலர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். சட்டம் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. அந்த வழக்கத்தில் ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதை இன்று நமக்குச் சொல்வது சட்டப் புத்தகம் அல்ல, மான்மியம்தான்.

கவிமணிக்குக் கரு கிடைத்த வேறொரு வழியும் உண்டு. அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளர். கோயில் சுவர்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து ஆராய்ந்தவர். சோழர் கல்வெட்டுகளில் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சாலை எது, அந்தச் சொற்றொடரின் பொருள் என்ன என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கவிமணி அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு 'காந்தளூர்ச் சாலை' என்று ஒரு நூலே எழுதினார். ஆயிரம் பேர் கும்பிட்டுவிட்டுப் போகும் கோயில் சுவரில் அவருக்கு ஒரு புத்தகத்துக்கான விஷயம் கிடைத்தது!

நந்தன் கிந்தன் ஆன கதை

கவிமணி செய்ததையே மேடையிலும் சினிமாவிலும் செய்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டின் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் வில்லுப்பாட்டைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்றைய சபாக்களில் கதாகாலட்சேபம் ரொம்பப் பிரபலம். அதிலும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன் சிதம்பரம் போய்ச் சாமி பார்க்க ஏங்குகிறான். பண்ணையார் விடவில்லை. இதுதான் கதை. கலைவாணர் அதே காலட்சேபப் பாணியை எடுத்துக்கொண்டு நந்தனைக் 'கிந்தன்' ஆக்கினார். கிந்தனுக்கு ஆசை கோயிலுக்குப் போக அல்ல, படிக்க! பாடல்களுக்கு உடுமலை நாராயண கவி துணை நின்றார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபத்தைக் காணலாம்.

பழைய சட்டையில் புதிய ஆளை நிறுத்துவது! தேரூர்க் கவிஞரும் ஒழுகினசேரிக் கலைஞரும் இந்த ஒரு வித்தையில் ஒன்றுபடுகிறார்கள். ஜனங்களுக்கு வடிவம் ஏற்கனவே பழக்கம் என்பதால் புதிய விஷயம் நேராக உள்ளே போய்விடுகிறது.

சந்திப்பில் நின்ற மரம்

நாகர்கோவில்காரர்களுக்கு 'மூடு' என்றால் மரத்தின் அடி. வேப்பமூடு என்பது நகரின் நடுவில் உள்ள ஒரு சந்திப்பின் பெயர். மரம் நின்ற இடம் ஊரின் அடையாளமாகி, மரம் போன பிறகும் பெயர் மட்டும் நிற்பது இந்தப் பகுதியில் சாதாரணம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மரத்தைக் கதாநாயகனாக வைத்து நாவல் எழுத ஒருவருக்குத் தோன்றியது. அவர் சுந்தர ராமசாமி.

1931 மே 30-ல் நாகர்கோவிலை ஒட்டிய தழுவிய மகாதேவர் கோவிலில் பிறந்தவர். சிறு வயது கோட்டயத்தில் கழிந்தது. இளமையில் நோயில் படுத்தவர். முறையாகத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே 18 வயதை ஒட்டித்தான் என்றால் நம்ப முடிகிறதா? பிறகு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வியாபாரம். கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் முழுக்கத் தெரியும். யார் யாரோடு பேசுகிறார், யார் யாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், தேர்தல் வந்தால் யார் பக்கம் சாய்கிறார் என்பதெல்லாம் கல்லாவுக்கு எதிரிலேயே நடக்கும்.

'ஒரு புளியமரத்தின் கதை'யின் சில அத்தியாயங்கள் முதலில் 'சரஸ்வதி' இதழில் வந்தன. முழு நாவல் 1966-ல் வெளியானது. கதை என்ன? ஒரு சந்திப்பில் ஒரு புளியமரம் நிற்கிறது. அதன் பழைய கதைகளைத் தாமோதர ஆசான் என்ற கிழவர் இளைஞர்களுக்குச் சொல்கிறார். ராஜா காலம் போகிறது, சுதந்திரம் வருகிறது. குளம் தூர்ந்து ரோடாகிறது. காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகிறது. கடைகள் வருகின்றன, முனிசிபல் தேர்தல் வருகிறது. மரம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் மனிதர்களின் போட்டியில் மாட்டிக்கொண்டு கடைசியில் பட்டுப்போகிறது. அவ்வளவுதான்!

ஒரு மரம் செத்தது. இதைவிடச் சாதாரணமான விஷயம் ஒரு ஊரில் உண்டா? ஆனால் அந்த மரத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்த்தபோது ஒரு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கதையும், ஒரு சிற்றூர் நகரமான கதையும், வியாபாரமும் அரசியலும் கைகோத்த கதையும் அதற்குள் வந்துவிட்டன. இந்த நாவல் ஆங்கிலம், மலையாளம், இந்தி மட்டுமல்லாமல் இஸ்ரேலின் ஹீப்ரு மொழிக்கும் போயிருக்கிறது. நாகர்கோவில் புளியமரத்துக்கு அங்கே என்ன வேலை? அங்கேயும் ஊர்களும் சந்திப்புகளும் வெட்டப்பட்ட மரங்களும் இருக்கின்றன, அதனால்தான்.

ஆனால் ஜவுளிக்கடையும் ஊரும் மட்டும் இந்த நாவலைத் தந்துவிடவில்லை. சுந்தர ராமசாமி எழுத வந்த காலத்தில் செய்த முதல் வேலைகளில் ஒன்று தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது. பிறகு தகழியின் 'செம்மீன்' நாவலையும் மொழிபெயர்த்தார். புதுமைப்பித்தனின் கதைகள் அவரை உலுக்கி எடுத்தன. 1951-ல் புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்து, தன் முதல் கதையையும் அதில்தான் வெளியிட்டார். மற்றவர்கள் தங்கள் ஊரை எப்படிப் பார்த்தார்கள் என்று வரிக்கு வரி படித்த கண்தான் பிறகு தன் ஊர் மரத்தைப் பார்த்தது.

உலகத்திலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஃபாக்னர் மிசிசிப்பி மாநிலத்தில் தான் வாழ்ந்த சிறிய ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் கற்பனைப் பெயரிட்டு நாவல் நாவலாக எழுதினார். 1949-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் ஆர்.கே.நாராயண் 1935-ல் மால்குடி என்ற ஊரையே உருவாக்கி ஆயுள் முழுக்க அதற்குள் உலவினார். ஊர் சின்னதாக இருந்தது இவர்கள் யாருக்கும் தடையாகவில்லை.

வீட்டுக்குள்ளே ஒரு தேர்தல்

சுந்தர ராமசாமியின் நெருங்கிய நண்பர் கிருஷ்ணன் நம்பி. 1932-ல் அழகியபாண்டியபுரத்தில் பிறந்து, 1976-ல் தன் 44-ஆவது வயது நிறைவதற்குள் மறைந்துவிட்டார். எழுதியது குறைவு. ஆனால் 'மருமகள் வாக்கு' என்ற ஒரு கதையைப் படித்தவர்கள் அவரை மறக்க மாட்டார்கள்.

மாமியார் மருமகள் விஷயம் தமிழில் அரைத்த மாவு. தேர்தல் என்பதும் சுவரொட்டியும் ஒலிபெருக்கியுமாக எல்லோரும் பார்த்துச் சலித்த ஒன்று. நம்பி செய்தது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். நாட்டில் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்துவிட்டது. சரி, மாமியாருக்குப் பயந்து மூச்சுவிடும் ஒரு மருமகளுக்கு அந்த ஓட்டு உண்மையிலேயே சொந்தமா? மூடிய அறைக்குள் தனியாக நிற்கும்போதாவது அவள் கை அவள் சொன்னதைக் கேட்குமா? இந்தக் கேள்வி வந்த உடனே அரைத்த மாவு புதிதாகிவிட்டது.

புதிய விஷயம் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள் இந்தக் கதையை ஒரு முறை படித்துவிட வேண்டும். பழைய விஷயங்கள் இரண்டு உரசிக்கொள்ளும் இடத்திலும் தீப்பொறி உண்டு.

பனையும் கடலும்

1964-ல் 'புத்தம் வீடு' என்ற நாவல் வந்தது. எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925-ல் பர்மாவில் பிறந்தவர், தக்கலைக்குப் பக்கத்துப் புலியூர்க்குறிச்சி அவருடைய ஊர். திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். தினமும் வகுப்பில் இங்கிலாந்தின் நாவல்களையும் கவிதைகளையும் பாடம் நடத்தியவருக்கு, நாவல் எழுத உட்கார்ந்தபோது கண்முன் வந்தது லண்டன் அல்ல, பனைவிளை. நொடித்துப்போன ஒரு வீடு, அதன் வாசலுக்குள்ளேயே வளரும் லிஸி என்ற பெண், அவள் மனதில் இடம்பிடிக்கும் பனையேறி இளைஞன்.

அதற்கு முன் தமிழ் நாவலில் பனையேறியின் வாழ்க்கை இவ்வளவு நெருக்கத்தில் வந்ததில்லை. அவர்கள் பேசும் குமரி மாவட்டப் பேச்சும் அப்படியே வந்தது. "இது கொச்சை, இதையெல்லாம் அச்சில் ஏற்றலாமா?" என்று தயங்கியிருந்தால் அந்த நாவல் இல்லை. நாவல் எழுதும்படி தூண்டியவர் கணவர் பேராசிரியர் ஜேசுதாசன். யாராவது ஒருவர் "நீ எழுது" என்று சொல்வதும் கரு கிடைப்பதில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது!

மேற்கே கடற்கரையில் தேங்காய்ப்பட்டினம். 1944-ல் அங்கே பிறந்த தோப்பில் முகமது மீரான் பிழைப்புக்காகத் திருநெல்வேலிக்குப் போய் வற்றல் மிளகாய் வியாபாரம் செய்தார். எழுதியது முழுக்கத் தன் கடலோர ஊரைப் பற்றி. 1988-ல் வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஒரு முதலாளி இருக்கிறார், அவருக்கு அஞ்சி நடக்கும் ஊர் இருக்கிறது, அந்த ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் கூட்டம் இருக்கிறது. தன் சொந்தச் சமூகத்தின் குறையை அந்தச் சமூகத்துக்குள் இருந்தே எழுதுவது லேசான காரியம் அல்ல. கவிமணிக்கு இருந்த அதே சங்கடம். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-ல் மீரானுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

ஊரை விட்டுப் போனவர்

"ஊரிலேயே இருந்தால்தான் ஊரைப் பற்றி எழுத முடியுமா?" என்று கேட்கலாம். இதற்கு பதில் நாஞ்சில் நாடன். 1947-ல் வீரநாராயணமங்கலத்தில் பிறந்தவர். வயலும் ஆறும் சூழ்ந்த சிற்றூர். படித்து முடித்து வேலை தேடி அலைந்து, 1972-ல் மும்பைக்கு ரயிலேறினார். அங்கே போன பிறகுதான் எழுதவே ஆரம்பித்தார். முதல் சிறுகதை 'விரதம்' 1975-ல் 'தீபம்' இதழில் வந்தது. முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977-ல். படித்த ஏழை இளைஞன் ஒருவன் பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாகித் தன்மானத்துக்கும் சோற்றுக்கும் நடுவே தவிக்கும் கதை. இதுவே 2002-ல் தங்கர் பச்சானின் 'சொல்ல மறந்த கதை' திரைப்படமானது.

மும்பையில் இருந்தவர் நாஞ்சில் நாட்டு நெல்வயலையும் கல்யாணப் பந்தியையும் எழுதினார். ஊரில் இருக்கும்போது தேங்காய் அரைத்த குழம்பின் வாசனை யாருக்கும் விஷயமே அல்ல. ஆயிரம் மைல் தள்ளி, அது கிடைக்காத இடத்தில்தான் அது ஒரு விஷயமாகிறது. புனைபெயரிலேயே ஊரை வைத்துக்கொண்டார். பிற்பாடு 'நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை' என்று தன் சமூகத்தின் பழக்கவழக்கங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 'சூடிய பூ சூடற்க' சிறுகதைத் தொகுப்புக்காக 2010-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார்.

பேச்சும் பயிற்சியும்

இதுவரை பார்த்தவர்கள் தனித்தனியாக எழுதியவர்கள் போல் தோன்றலாம். ஆனால் நாகர்கோவிலில் பேச்சு என்று ஒன்று உண்டு. சுந்தர ராமசாமியின் வீட்டில் 'காகங்கள்' என்ற பெயரில் இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. இளைஞர்கள் வந்து வாசித்தார்கள், விவாதித்தார்கள், சண்டையும் போட்டார்கள். 1988-ல் அவர் தொடங்கிய 'காலச்சுவடு' இதழும் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1963 ஜனவரியில் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' என்ற கட்டுரை, பழகிய ஒரு மனிதரும் எழுதுவதற்குரிய பொருள்தான் என்பதற்கு நல்ல உதாரணம்.

அந்த வீட்டுக்கு வந்துபோன இளைஞர்களில் ஒருவர் ஜெயமோகன். 1990-ல் வந்த அவருடைய முதல் நாவலின் பெயர் 'ரப்பர்'. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் ரப்பர் மரம்தான். அந்தப் பணப்பயிர் வந்து மண்ணையும் மனிதர்களையும் என்ன செய்தது என்பதே கரு. பின்னாளில் நாகர்கோவிலில் இருந்தபடியே மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற நாவல் வரிசையாக 2014 முதல் 2020 வரை நாள்தோறும் தன் இணையதளத்தில் எழுதி 26 பகுதிகளில் முடித்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது நூறு சிறுகதைகள் எழுதினார்.

வெளியே போகவே முடியாத நாட்களில் நூறு கருக்கள் எப்படிக் கிடைத்தன? வருடக்கணக்கில் பார்த்ததும் படித்ததும் கேட்டதும் உள்ளே கிடந்தன. தினமும் எழுதும் பழக்கம் அவற்றை வெளியே இழுத்தது. கரு கிடைத்த பிறகு உட்காருவது ஒரு வகை. உட்கார்ந்த பிறகு கரு கிடைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்று தோன்றுகிறது.

இவர்களிடமிருந்து தெரிவது என்ன?

கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, இவர்களில் யாரும் விநோதமான விஷயத்தைத் தேடி அலையவில்லை. சொத்துச் சண்டை, புளியமரம், ஓட்டு, பனை, பள்ளிக்கூடம், ரப்பர். எல்லாம் ஊரார் தினமும் பார்த்தவை. எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் யாரும் சொல்லவில்லை. பார்த்ததற்கும் சொல்லாததற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் இவர்களுக்குக் கிடைத்த புதையல்.

இரண்டாவது, ஊரை மட்டும் பார்த்தால் போதாது. இவர்கள் எல்லோருமே பெரும் படிப்பாளிகள். மான்மியம் என்ற வடிவம் கவிமணிக்குப் பழைய நூல்களிலிருந்து வந்தது. கிந்தனாருக்குக் காலட்சேபம் வழிகாட்டியது. சுந்தர ராமசாமிக்குத் தகழியும் புதுமைப்பித்தனும். ஹெப்சிபாவுக்கு ஆங்கில நாவல்கள். விஷயம் ஊரில் இருக்கிறது, அதைப் பார்க்கும் கண் படிப்பிலிருந்து வருகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வண்டி ஓடாது.

மூன்றாவது, உறுத்தல். "இது சரியில்லை" என்றோ "இது போய்விட்டதே" என்றோ மனதில் ஒரு முள் தைத்திருக்க வேண்டும். வெறும் தலைப்பாகக் கிடைத்தால் பள்ளிக் கட்டுரை வரும். முள்ளாகத் தைத்தால் மான்மியம் வரும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். நம்ம ஊரில் எழுத என்ன இருக்கிறது?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது மணக்குடியின் பாலமே அடித்துக்கொண்டு போனது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்த மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. தோவாளையில் விடிவதற்கு முன் பூச்சந்தை கூடுகிறது. நெல் விளைந்த வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகின்றன. பாட்டிகள் பேசும் சொற்கள் பேத்திகளுக்குப் புரியாமல் போகின்றன. இதையெல்லாம் யாரும் எழுதவில்லை என்பதல்ல. எழுதியது போதாது என்பதுதான் விஷயம்.

நானூறு வருடங்களுக்கு முன் கணியாகுளத்தில் செத்த ஒரு படைத்தலைவனின் பெயர் இன்றும் ஜனங்களுக்குத் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு வில்லுப்பாட்டுப் புலவன். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் அழுகை நூறு வருடம் கழித்தும் கேட்கிறது என்றால் காரணம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் "எழுத என்ன இருக்கு?" என்று விட்டிருந்தால் அந்த மனிதர்கள் இரண்டாவது முறையும் செத்திருப்பார்கள்.

அடுத்த முறை வேப்பமூட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது செல்போனைக் கொஞ்ச நேரம் பைக்குள் வைத்துவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் இந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பஸ் வரும் வரைக்கும் கேட்கலாம், பஸ் வந்தபிறகும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்!